வலது குதிகால், நாலு தடவை

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியக் கூட்டத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். சன்னலோர நாற்காலியில் நாத்தனார். பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர், மடியில் மருத்துவமனை தந்த எட்டுப் பக்கக் கையேடு, காதில் சிவப்புப் பென்சில். அவளுக்கு நேர் எதிரே அண்ணன். லிஃப்ட் மெக்கானிக், எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் கூரையைப் பார்ப்பவர். கதவருகே முக்காலியில் பஸ் டிப்போவின் தலைமை மெக்கானிக்; நகத்தடியில் இருபது வருஷமாகப் போகாத கறுப்புக்காகக் ‘கிரீஸ்’ என்று பேர் வாங்கியவர். சமையல் மேடையில் சாய்ந்தபடி கணவர் நின்றார். டைல்ஸ் பதிப்பவர், நாள் முழுக்க மண்டி போட்டு வேலை செய்வதால் வீட்டில் உட்காரவே மாட்டார்.

ஐந்தாவது ஆள் மேஜைக்கு அடியில் இருந்தாள்.

யாருக்கு இவர்கள் நாத்தனாரும் அண்ணனும் கணவருமோ, யாருடைய முதுகுக்காகக் கூட்டம் கூடியதோ, அவள்தான் அது. தரையில் மல்லாந்து படுத்து, கெண்டைக்கால் இரண்டையும் ஒரு காலி நாற்காலியின் மேல் போட்டிருந்தாள். ஏழு வாரமாக அவளுக்கு வலிக்காத நிலை அது ஒன்றுதான். ஏழாம் தட பஸ்ஸின் ஓட்டுநர், வயது ஐம்பது, டிப்போவில் அவளுக்கு ‘ஹாரன்’ என்று பெயர். அவள் கூப்பிட்டால் அடுத்த நிறுத்தத்தில் நிற்பவர்கள் பையைத் தூக்கிக்கொள்வார்கள் என்பது பேச்சு.

“இங்க பாருங்க,” என்றாள் ஹாரன் மேஜைக்கடியிலிருந்து. “யாரோ இந்த மேஜைக்கு அடியில சூயிங்கம் ஒட்டி வச்சிருக்காங்க. பதினொண்ணு எண்ணிட்டேன்.”

நாத்தனார் சட்டென்று கையேட்டைப் பிரித்தாள். “விஷயத்துக்கு வரலாமா அண்ணி?”

விஷயம் இதுதான். முதுகின் கீழ்ப்பகுதியில் இரண்டு எலும்புக்கு நடுவே இருக்கும் வட்டு ஒன்று பிதுங்கி நரம்பை அழுத்துகிறது. வலி பிட்டத்தில் புறப்பட்டு, தொடையின் பின்பக்கமாக இறங்கி, வலது குதிகாலில் போய் நிற்கும். மாத்திரை கேட்கவில்லை. முதுகில் நரம்புக்குப் பக்கத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டுப் பார்க்கலாம் என்று வலி மருத்துவர் சொல்லியிருந்தார். இதற்கிடையே டிப்போ மேலாளரிடமிருந்து ஒரு கடிதம். இம்மாதம் முப்பதாம் தேதிக்குள் ‘பணிக்குத் தகுதி’ என்று எழுத்தில் தெரிவிக்காவிட்டால், ஏழாம் தடம் அடுத்த சீனியருக்குப் போகும். தாங்கள் தொலைந்த பொருள் அறைக்கு மாற்றப்படுவீர்கள். அடுத்த சீனியர் யாரென்றால், டிப்போவே ‘சடன் பிரேக்’ என்று கூப்பிடும், ஏழு வாரமாக அவளுக்குப் பதிலாக ஓட்டும் ஆள். பத்தொன்பது வருஷமாக ஒரு கிழவரின் கைத்தடியைக்கூடச் சாயவிடாமல் ஓட்டிய தடத்தை நிரந்தரமாக அவனிடம் கொடுப்பதா? குடைகளுக்கும் ஒற்றைக் கையுறைகளுக்கும் சீட்டு கட்டிக்கொண்டு சன்னல் இல்லாத அறையில் உட்காருவதா? அதை நினைத்தாலே ஹாரனுக்கு முதுகைவிட நெஞ்சு அதிகம் வலித்தது.

“படிக்கிறேன்,” என்றாள் நாத்தனார். ஆபத்துப் பட்டியலைப் படிக்கும்போது அவள் குரலில் ஓர் உற்சாகம் ஏறியது. “ஊசி போட்ட எடத்துல வலி. முகம் செவந்து போறது. தூக்கம் வராம இருக்கிறது. சர்க்கரை ஏறுறது. அண்ணி, உங்களுக்குச் சர்க்கரை இருக்கு.”

“எனக்கு இருக்கிறது எனக்குத் தெரியாதா? மேல படி.”

“தலைவலி. அபூர்வமா நோய்த்தொற்று. அபூர்வமா ரத்தக்கசிவு. மிக மிக அபூர்வமா நரம்பு பாதிப்பு.” பென்சிலால் ஒவ்வொன்றின் கீழும் கோடு போட்டாள். “விக்கல்னுகூட ஒண்ணு போட்டிருக்கான்.”

“விக்கலா!” அண்ணன் நாற்காலியை இழுத்துக்கொண்டார். “பாப்பா, நான் சொல்றதக் கேளு. எங்கூட வேலை பார்த்த ஒருத்தன் இந்த ஊசிய வருஷத்துக்கு ஆறு ஏழுன்னு போட்டுக்கிட்டான். இப்போ எலும்பெல்லாம் பிஸ்கட் மாதிரி ஆயிடுச்சு.”

“அவன் எத்தனை டாக்டர்கிட்ட போய் அத்தனை ஊசி போட்டான்?” என்று கிரீஸ் கேட்டார்.

“மூணு பேருகிட்ட. ஒருத்தருக்கொருத்தர் தெரியாம.”

“அப்போ அது ஊசி தப்பா, அவன் தப்பா?”

“நீ சும்மா இருய்யா. எஞ்சின் ஆயில் ஊத்துற எடமா இது? என் தங்கச்சி முதுகு.”

“அண்ணா,” என்றாள் ஹாரன் கீழிருந்து, “உன் செருப்பு என் மூக்குக்கு நேரா இருக்கு. அத மட்டும் தள்ளி வச்சிட்டு என்ன வேணா சொல்லு.”

கிரீஸ் ஊசிக்கு ஆதரவு. நாத்தனார், சர்க்கரையை நாளுக்கு மூன்று வேளை தானே பார்ப்பதாக இருந்தால் ஆதரவு. அண்ணன் எதிர்ப்பு. எல்லாரும் கணவரைப் பார்த்தார்கள். அவர் துடைத்த தட்டையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

“அவ முதுகு,” என்றார். “அவ சொல்லட்டும். நான் கூடப் போறேன்.”

மேஜைக்கடியிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீண்டு, விரலைச் சொடுக்கியது.

“போட்டுக்கிறேன். செவ்வாய்க்கிழமை. இப்போ யாராவது என்னை வெளிய இழுங்க.”

*

ஊசி டாக்டர் ஒல்லியான பெண்மணி. பேசும்போது எதையும் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். ரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரை சாப்பிடுகிறாளா, காய்ச்சல் இருந்ததா, எதற்காவது ஒவ்வாமையா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு நேராக விஷயத்துக்கு வந்தார்.

“நூறு பேருக்குப் போட்டா பாதிப் பேருக்கு நல்லா வித்தியாசம் தெரியும். சில பேருக்குக் கொஞ்சம். சில பேருக்கு ஒண்ணுமே இல்ல. நீங்க எந்தப் பக்கம்னு முன்கூட்டியே என்னால சொல்ல முடியாது.”

“கேட்டா, எத்தனை நாளைக்குங்க?”

“சில வாரம். சில பேருக்குச் சில மாசம். இது வட்டைச் சரி பண்ணாது. நரம்பைச் சுத்தி இருக்கிற வீக்கத்தைக் குறைக்கும். வலி இல்லாத அந்த நாள்ல நீங்க நடந்து, பயிற்சி செஞ்சு, தசையைப் பலப்படுத்திக்கணும். ஊசி உங்களுக்கு நேரம் வாங்கிக் கொடுக்குது. அவ்வளவுதான்.”

கணவர் இதை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். டைல்ஸ் கணக்கு எழுதும் தாள் என்பதால், ‘குளியலறை, பன்னிரண்டு பெட்டி’ என்பதற்குக் கீழே ‘நேரம்’ என்று விழுந்தது.

“இன்னொண்ணு,” என்றார் டாக்டர். “ஊசியில ரெண்டு மருந்து இருக்கு. ஒண்ணு மரத்துப் போற மருந்து. அது உடனே வேலை செய்யும், சில மணி நேரத்துல போயிடும். இன்னொண்ணு ஸ்டீராய்டு. அது மெதுவா வரும். மூணு நாள், சில பேருக்கு ஒரு வாரம்கூட. நடுவுல வலி திரும்ப வரும். பயப்படாதீங்க. ஆனா காய்ச்சல் வந்தாலோ, கால் பலம் இழந்துகிட்டே போனாலோ, ஒண்ணுக்குப் போறது கட்டுப்படலைன்னாலோ ஒரு நிமிஷம் தாமதிக்காம வாங்க.”

ஹாரன் தலையாட்டினாள். தலையாட்டியவள் அவ்வளவையும் கேட்டாள் என்று சொல்லிவிட முடியாது. ‘உடனே வேலை செய்யும்’ என்பதோடு அவள் காது நின்றுவிட்டது.

குப்புறப் படுக்க வைத்தார்கள். முதுகில் ஏதோ சில்லென்று தடவினார்கள். மேலே எக்ஸ்ரே கருவி யானைக் கழுத்து மாதிரி வளைந்து வந்து நின்றது. ஒரு சின்னக் கடி, அப்புறம் உள்ளே ஆழத்தில் ஓர் அழுத்தம், ஒரு நொடி, காலில் அந்தப் பழைய வலி பளிச்சென்று மின்னி, “இதேதானா உங்க வலி?” என்று டாக்டர் கேட்க, “இதேதான், நல்லாப் பழகின ஆளு,” என்று அவள் சொல்ல, நர்ஸ் சிரித்துவிட்டாள். மொத்தம் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

அரை மணி கழித்து எழுந்து நின்றாள்.

வலி இல்லை.

ஹாரன் வலது காலை முன்னே வைத்தாள். இல்லை. இடுப்பை லேசாகத் திருகினாள். இல்லை. ஏழு வாரமாக வாடகை கொடுக்காமல் குடியிருந்தவன் சாமான் சட்டியோடு காலி செய்துவிட்டுப் போனது மாதிரி உள்ளே ஒரே வெளிச்சம். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கால் உண்மையாகவே புரியவில்லை. அது மரத்துப் போயிருந்தது. அந்த நேரத்தில் அந்த வித்தியாசம் யாருக்குத் தெரியப்போகிறது?

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில், மதிய இடைவேளையில் வந்த கிரீஸ் காத்திருந்தார். டிப்போவில் ஒரு வழக்கம் உண்டு. பழுது பார்த்த வண்டியை அன்றைக்கே ட்ரையல் ஓட்டிப் பார்ப்பார்கள். பார்த்துச் சரி என்று மெக்கானிக் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் வண்டி வெளியே போகும்.

“ட்ரையல்?” என்றார் கிரீஸ்.

“ட்ரையல்!” என்றாள் ஹாரன்.

கணவரின் கையை ஒரு பக்கமும் கிரீஸின் கையை ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு, நிறுத்தியிருந்த கார்களுக்கு நடுவே கோணல்மாணலாக வளைந்து நடந்தாள். திரும்பினாள். ரிவர்ஸ் எடுத்தாள், அதற்கு வாயாலேயே பீப் பீப் என்று சத்தம் கொடுத்தாள். ஓர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் சன்னலை இறக்கி, “அக்கா, லைன் மாறாதீங்க!” என்று கத்தினான். கணவர் அவள் இடுப்பைச் சுற்றிக் கையைக் கொடுத்துத் தாங்கியபடி, “மெதுவா, மெதுவா, கால் உன்கிட்டதான் இருக்கான்னு பார்த்துக்க,” என்று கெஞ்சிக்கொண்டே கூட ஓடினார்.

“கியர் ஸ்மூத்தா இருக்கு,” என்று தீர்ப்புச் சொன்னார் கிரீஸ். “எழுதிடலாம்.”

எழுதிவிட்டாள். ஒரு காரின் பானெட் மேல் தாளை வைத்து, ‘மேலாளர் அவர்களுக்கு, நான் இன்று சிகிச்சை பெற்றுப் பூரண குணமடைந்துவிட்டேன், வலி அறவே இல்லை, பணிக்குத் தகுதி’ என்று. கையெழுத்து அவ்வளவு அழகாக அதுவரை விழுந்ததே இல்லை. கிரீஸ் அதை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டிப்போவுக்குக் கிளம்பினார். இரண்டரை மணிக்குக் கடிதம் மேலாளரின் மேஜையில்.

ஐந்தரை மணிக்கு வலி திரும்பி வந்தது.

முதலில் பிட்டத்தில் மெல்லத் தட்டியது. பிறகு தொடை. ஆறு மணிக்குக் குதிகாலில் பழைய இடத்தில் பழைய பாயை விரித்து உட்கார்ந்துவிட்டது. ஹாரன் மறுபடி மேஜைக்கடிக்குப் போனாள். கணவர் அந்த டைல்ஸ் தாளைக் கொண்டு வந்து குனிந்து காட்டினார். ‘நடுவுல வலி திரும்ப வரும்’ என்று அவர் கையெழுத்தில் பட்டையாக எழுதியிருந்தது.

“இத ஏன் அப்பவே சொல்லல?”

“நீ ரிவர்ஸ் எடுத்துக்கிட்டிருந்த.”

*

புதன்கிழமை காலை மேலாளரிடமிருந்து பதில் வந்துவிட்டது. மகிழ்ச்சி, வரும் திங்கள்கிழமை, முதல் வண்டி, ஏழாம் தடம், காலை ஐந்து நாற்பது. கடைசியில் ஒரு வரி: ‘இனி மாற்றம் ஏதும் கோரினால் தடம் உறுதியாக அடுத்த சீனியருக்கு.’

அன்றைக்கே விக்கலும் வந்தது.

அது சாதாரண விக்கல் இல்லை. ஐந்து நொடிக்கு ஒன்று, கடிகாரம் வைத்தாற்போல. முகம் தக்காளியாகச் சிவந்தது. உடம்புக்குள் யாரோ மோட்டாரைப் போட்டுவிட்டு நிறுத்த மறந்தது மாதிரி ஒரு வேகம். வலியால் நிமிர முடியாது, ஆனால் வாய் நிற்காது. மேஜைக்கடியில் படுத்தபடி வீட்டுக்கு என்னென்ன நிற வண்ணம் அடிக்கலாம், மொட்டைமாடியில் எத்தனை தொட்டி வைக்கலாம், ஏழாம் தடத்தில் எந்த நிறுத்தத்தை எங்கே நகர்த்த வேண்டும் என்று திட்டம் மேல் திட்டமாகச் சொல்லிக்கொண்டே போனாள்.

“சந்தை நிறுத்தத்த, ஹிக், இருபது அடி முன்னாடி, ஹிக், வச்சா...”

“அண்ணி, விரலை நீட்டுங்க.” நாத்தனார் சர்க்கரைக் கருவியோடு மேஜைக்கடிக்கு ஊர்ந்து வந்தாள். “இருநூத்தி அறுபத்தெட்டு! நேத்து நூத்தி முப்பது. காலையிலயும் இப்படித்தான் இருந்துச்சு, அப்பவே டாக்டருக்கு போன் பண்ணிட்டேன். ஊசியாலதான், சில நாள்ல இறங்கும், தண்ணி நிறைய குடிங்க, முந்நூறு தாண்டினா உடனே சொல்லுங்கன்னாங்க. பிஸ்கட் டப்பா எங்க வீட்டுக்கு வருது.”

“பிஸ்கட்ட எடுத்துக்க. ஆனா, ஹிக், இந்தப் பன்னெண்டாவது சூயிங்கம், ஹிக், நேத்து இல்லையே?”

நாத்தனார் தவழ்ந்தபடியே பின்வாங்கினாள்.

அண்ணன் போன் செய்தார். “நான் சொன்னேனா இல்லையா?” என்று ஆரம்பித்தவர், எதிர்ப்பக்கம் ‘ஹிக்’ என்று கேட்டதும் சிரிப்பை அடக்கமாட்டாமல் பேசி முடிக்காமலே வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டார். மறுபடி ‘ஹிக்’. மூன்றாவது முறை கூப்பிட்டவர் அவர் இல்லை, அவர் மனைவி. பின்னால் அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. வியாழக்கிழமை சாயங்காலம் விக்கல் தானாக நின்றது. வீட்டில் விழுந்த மௌனம் விநோதமாக இருந்தது, கணவர் சமையல் மேடையிலிருந்து எட்டிப் பார்த்து, “இருக்கியா?” என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஹாரன் தும்மினாள்.

தும்மல் வருவது தெரிந்தபோதே பயத்தில் மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டாள். ஏழு வாரமாகத் தும்மல் என்றால் காலில் மின்சாரம் பாயும். தும்மிவிட்டாள். காத்திருந்தாள். ஒன்றும் பாயவில்லை. நம்பாமல் இன்னொரு முறை, பொய்யாகத் தும்மிப் பார்த்தாள். இல்லை. எழுந்தாள். சன்னல்வரை போனாள். வந்தாள். இந்த முறை கால் மரத்துப் போகவில்லை. பாதத்தின் கீழே கணவர் பதித்த டைல்ஸின் குளிர்ச்சி ஒவ்வொரு சதுரமாகத் தெரிந்தது.

“என்னங்க!”

அந்தக் குரல் தெருமுனைக் கடைவரை கேட்டிருக்கும். கணவர் முகத்தில் பாதி சவர நுரையோடு ஓடி வந்தார். அவள் அவர் தோளைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். நுரை சுவரில், சன்னலில், அவள் மூக்கில்.

“வந்துடுச்சு! ரெண்டாவது மருந்து வந்துடுச்சு!” என்றாள். “செவ்வாய்க்கிழமை எழுதினது பொய்யா இருந்துச்சு, இன்னைக்கு நிஜமாயிடுச்சு! திங்கட்கிழமை நான்தான் வண்டி எடுக்கிறேன்!”

*

சனிக்கிழமை மதியம் மறுபடி எல்லாரும் கூடினார்கள். இந்த முறை ஹாரன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அதுவே பாதிக் கொண்டாட்டம். சர்க்கரை நூற்று எழுபதுக்கு இறங்கியிருந்தது. அண்ணன் தோல்வியை ஒப்புக்கொள்ளும் விதமாக ஒரு பூங்கொத்து வாங்கி வந்து, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கிரீஸின் மடியில் வைத்திருந்தார்.

“ஆனா பாப்பா, இதோட நிறுத்திக்க. இன்னும் ரெண்டு போட்டுக்கிறேன், மூணு போட்டுக்கிறேன்னு கிளம்பாத.”

“டாக்டரே விடமாட்டாங்க அண்ணா. எண்ணித்தான் போடுவாங்களாம்.”

நாத்தனார் பயிற்சித் தாளை விரித்தாள். மருத்துவமனை கொடுத்தது; படம் படமாக, வழுக்கைத் தலை மனிதன் ஒருவன் வளைந்துகொண்டிருந்தான். “முதல்ல அளவு எடுக்கணுமாம். அப்புறம்தான் பயிற்சி. ஒத்தைக் கால்ல நின்னு குதிகாலத் தூக்கி இறக்கணும். சுவரைத் தொட்டுக்கலாம். இருபது வரணும்.”

“இவ்வளவுதானா?” என்று அண்ணன் எழுந்தார். போட்டி என்றால் அவருக்குப் பொறுக்காது. பதினொன்றில் மூச்சு வாங்கி, “லிஃப்ட் எதுக்குக் கண்டுபிடிச்சாங்க?” என்று உட்கார்ந்துவிட்டார். கிரீஸ் பூங்கொத்தை மார்போடு அணைத்தபடி பதினெட்டு. கணவர் யாரும் கேட்காமலே சமையல் மேடையோரம் முப்பது தூக்கிவிட்டுத் தட்டைத் துடைக்கப் போனார். எல்லாரும் கைதட்டினார்கள். நாத்தனார் தன் முறைக்கு ஆய்வகத் தராசு பார்ப்பது மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருபத்திரண்டு.

“ஓரம் போங்க எல்லாரும்,” என்றாள் ஹாரன். புடவை நுனியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

இடது கால்: இருபத்தைந்து. வீடே எண்ணியது.

வலது கால்.

“ஒண்ணு! ரெண்டு! மூணு! நா...லு...”

நாலாவது பாதியில் நடுங்கியது. ஐந்துக்குக் குதிகால் தரையை விட்டு எழவே இல்லை. அவள் முகத்தைப் பார்த்தால் முழுப் பலத்தையும் கொடுக்கிறாள் என்று தெரிந்தது. கீழே குதிகால் ஒட்டிவைத்தது மாதிரி கிடந்தது. வலி துளிகூட இல்லை. அதுதான் விநோதம்.

“சரியா நிக்கல,” என்றாள். “மறுபடி.”

மறுபடி மூன்று.

யாரும் எண்ணவில்லை. நாத்தனார் கையேட்டைப் புரட்டி, சிவப்புக் கோடு போடாமல் விட்ட ஒரு பத்தியைக் கண்டுபிடித்தாள். “வலி முதல்ல போகும். பலம் மெதுவா வரும். நரம்பு அழுத்தத்துல இருந்த தசை திரும்பப் பலமாக வாரக்கணக்கு ஆகலாம். நாளுக்கு நாள் குறைஞ்சுகிட்டே போனாத்தான் அவசரம்.” குரலில் உற்சாகம் இல்லை.

“ஆனா வலி இல்லையே!” என்றாள் ஹாரன். “நடக்கிறேன், தும்முறேன், சுத்துறேன். வண்டி ஓட்ட எதுக்குக் குதிகால்ல நின்னு ஆடணும்?”

கிரீஸ் பூங்கொத்தைத் தரையில் வைத்தார்.

“நான் ஒண்ணு கேக்கவா? செவ்வாய்க்கிழமை கார் பார்க்குல நாம போட்டது என்ன ட்ரையல்?”

“என்ன ட்ரையல்னா?”

“வெறும் வண்டி ட்ரையல். அதுக்கே நான் சரின்னு சொல்லிட்டேன். முட்டாள்தனம், ஒத்துக்கிறேன். டிப்போவுல பிரேக் பார்க்கிறப்போ நான் என்ன பண்ணுவேன்?”

ஹாரனுக்குத் தெரியும். டிப்போவில் யாருக்குத்தான் தெரியாது? ஐம்பது மணல் மூட்டையை ஏற்றுவார். ஆள் உட்காரும் இடத்தில் ஒவ்வொன்று. பிறகுதான் மேட்டில் நிறுத்திப் பார்ப்பார். மூட்டை ஏற்றாமல் பிரேக் சரி என்று எவனாவது எழுதினால் அன்றைக்கு அவனுக்கு டிப்போவில் தேநீர் கிடைக்காது.

“மருத்துவமனை மேடு,” என்றாள் அவள், தனக்குள்ளேயே சொல்வது மாதிரி.

ஏழாம் தடத்தில் ஆறாவது நிறுத்தம் அது. செங்குத்தான மேடு. காலையில் முழு வண்டி; ஊன்றுகோலோடு இறங்குவார்கள், கைக்குழந்தையோடு ஏறுவார்கள், ஒரு நிறுத்தத்துக்கு மூன்று நிமிஷம் ஆகும். கைப்பிரேக்கை மட்டும் அந்த மேட்டில் நம்ப முடியாது என்பதால், அந்த மூன்று நிமிஷமும் வலது கால் பிரேக்கை அழுத்தியபடி இருக்கும். பின்னால் எப்போதும் ஒரு சைக்கிள்காரன் ஒட்டி நிற்பான். பத்தொன்பது வருஷத்தில் வண்டி ஓர் அங்குலம் பின்னால் உருண்டதில்லை. ஹாரன் நாற்காலியில் உட்கார்ந்து, வலது பாதத்தை மேஜைக் காலில் வைத்து, மேட்டில் அழுத்துவது மாதிரி அழுத்தினாள். மனசுக்குள் எண்ணினாள். நாற்பதில் பாதம் நடுங்க ஆரம்பித்தது. ஐம்பதில் வழுக்கியது.

மூன்று நிமிஷத்துக்கு நூற்றெண்பது வேண்டும்.

அறையில் எல்லாரும் அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குத் திடீரென்று சிரிப்பு வந்தது. முதலில் மூக்கு வழியாக, பிறகு வயிறு குலுங்க.

“எனக்கு ஊசி கேட்டுச்சு,” என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “அது சொன்ன வேலைய அப்படியே செஞ்சிடுச்சு. நேரம் வாங்கித் தரும்னாங்க, தந்திடுச்சு. நான்தான் அந்த நேரத்துல பஸ் ஓட்டக் கிளம்பிட்டேன்!”

“அப்போ திங்கட்கிழமை?” என்றார் அண்ணன்.

“தாளக் கொடுங்க.”

“அண்ணி, மாத்தினா தடம் போயிடும்னு எழுதியிருக்கான்.”

“படிச்சேன்.”

“அடுத்த சீனியருக்கு. சடன் பிரேக்குக்கு.”

“அது யாருன்னு எனக்கு நீ சொல்லணுமா?”

கணவர் மேஜையைத் துடைத்து, தாளையும் பேனாவையும் கொண்டு வந்து வைத்தார். இந்த முறை டைல்ஸ் கணக்கு இல்லாத, கோடு போட்ட நல்ல தாள். அவள் எழுத எழுத, நாத்தனார் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து முணுமுணுப்பாகப் படித்தாள்.

‘மேலாளர் அவர்களுக்கு. செவ்வாய்க்கிழமை நான் எழுதிய கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன். அதை எழுதும்போது என் வலது கால் மரத்துப் போயிருந்தது. எனக்கு அது குணமாகத் தெரிந்தது. இப்போது உண்மையாகவே வலி இல்லை. ஆனால் வலது குதிகாலை நாலு தடவைதான் தூக்க முடிகிறது, இருபது வேண்டும். மருத்துவமனை மேட்டில் முழு வண்டியை நிறுத்த இந்தக் கால் இன்று போதாது. ஆறு வாரம் கேட்கிறேன். அதுவரை தொலைந்த பொருள் அறையில் வேலை செய்கிறேன். ஆறு வாரம் கழித்துத் தலைமை மெக்கானிக் மணல் மூட்டை ஏற்றி என் பிரேக்கைப் பார்க்கட்டும். ஏழாம் தடத்தை எனக்காக வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வைத்திருக்க முடியாது என்றாலும் திங்கள்கிழமை நான் வண்டி எடுக்கமாட்டேன்.’

“கடைசி வரி கொஞ்சம் முரட்டுத்தனமா இல்ல?” என்றார் அண்ணன்.

“இருக்கு. இருக்கட்டும்.”

“‘தங்கள் உண்மையுள்ள’ போடு.”

“இதுக்கு மேல என்ன உண்மை வேணும் அவருக்கு?” என்றாலும் போட்டாள். உறையில் வைத்து, நாக்கால் நனைத்து ஒட்டி, மேலே விரலால் இரண்டு முறை தேய்த்தாள்.

டிப்போவுக்குப் போகும் கடிதங்களை வழியில் வரும் எந்த பஸ்ஸிலும் கொடுக்கலாம். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் அதற்கென்று ஒரு துணிப்பை தொங்கும். நாலு இருபதுக்கு வீட்டு வாசலைத் தாண்டி ஏழாம் தட வண்டி போகும். எல்லாரும் நிறுத்தத்துக்கு வந்தார்கள். அண்ணன் பூங்கொத்தை எதற்கோ கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

வண்டி வந்தது. நின்றது என்று சொல்வதைவிட மோதிக்கொண்டது என்று சொல்லலாம். உள்ளே இருந்தவர்கள் மொத்தமாக முன்னால் சாய்ந்து, மொத்தமாகப் பின்னால் சாய்ந்தார்கள். கதவு திறந்தது. ஸ்டியரிங்கில் சடன் பிரேக்.

“அக்கா!” என்றான் முகமெல்லாம் பல்லாக. “எழுந்து நிக்கிறீங்களே! திங்கட்கிழமை நீங்கதானே? அப்பாடா, இந்த மேட்டு நிறுத்தம் என் உசிர வாங்குது.”

ஹாரன் உறையை நீட்டினாள். “மேலாளருக்கு. பையில போடு.”

“என்ன லெட்டர் அக்கா?”

“போய்ச் சேரட்டும், தெரியும். மேட்டுல நிறுத்தறப்போ பாதத்த முழுசா வை, நுனியால தட்டாத. கேட்டியா?”

“கேட்டுக்கிட்டேன் அக்கா.”

அவன் திரும்பி உறையைத் துணிப்பைக்குள் செருகினான். கதவு மூடிக்கொண்டது. வண்டி ஓர் உலுக்கு உலுக்கிப் புறப்பட்டு, ஐம்பது தலைகளையும் ஒருமுறை ஆட்டிவிட்டு, கடிதத்தோடு டிப்போவை நோக்கிப் போனது.